சாம் போவியும் 1984 என்.பி.ஏ. வீரர் தேர்வும்

சாம் போவி (பிறப்பு: மார்ச் 17, 1961) கெண்டக்கி பல்கலைக்கழக அணியிலும், பின்னர் என்.பி.ஏ. எனப்படும் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்ட லீகிலும் சென்டர் எனப்படும் நடு ஆட்டக்காரராக ஆடியவர். 1984 ஜூன் 19 அன்று நியூயார்க்கில் நடந்த வீரர் தேர்வில் போர்ட்லேண்ட் டிரெயில் பிளேசர்ஸ் அணி அவரை இரண்டாவதாகத் தேர்ந்தெடுத்தது. மூன்றாவது வாய்ப்பை வைத்திருந்த சிகாகோ புல்ஸ் அணி மைக்கேல் ஜார்டனை எடுத்தது. இந்த வரிசையால்தான் போவியின் பெயர், தவறான தேர்வு என்றதும் நினைவுக்கு வரும் பெயராக இன்றுவரை நிற்கிறது.

பின்னால் நடந்ததை வைத்துக்கொண்டு அன்றைய முடிவைக் கேலி செய்வது எளிது. அன்று அந்த அணியின் கையில் இருந்த தகவல்கள் என்ன, அவற்றில் எதைச் சரியாகப் படித்தார்கள், எதைப் படிக்கத் தவறினார்கள் என்று பிரித்துப் பார்த்தால், கேலிக்கு உள்ளாகும் பகுதி ஒன்றாகவும் உண்மையான பிழை வேறொன்றாகவும் இருப்பது தெரியும்.

வீரர் தேர்வு என்னும் முறை

அமெரிக்காவில் கல்லூரி அணிகளில் ஆடிய வீரர்கள் தாம் விரும்பிய தொழில்முறை அணியில் நேரே சேர்ந்துவிட முடியாது. ஆண்டுதோறும் நடக்கும் 'டிராஃப்ட்' என்னும் தேர்வில் அணிகள் வரிசைப்படி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லும். ஒரு வீரரின் பெயரைச் சொன்ன அணிக்கு மட்டுமே அவரோடு ஒப்பந்தம் பேசும் உரிமை உண்டு. முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணிக்கு முன்வரிசை கிடைக்கும். 1984 வரை கிழக்கு, மேற்கு ஆகிய இரு பிரிவுகளிலும் கடைசியில் நின்ற அணிகளுக்கிடையே நாணயம் சுண்டி, முதல் தேர்வு யாருக்கு, இரண்டாம் தேர்வு யாருக்கு என்று முடிவு செய்தார்கள்.

அந்த ஆண்டு மேற்கில் கடைசி ஹூஸ்டன் ராக்கெட்ஸ். கிழக்கில் கடைசி இண்டியானா பேசர்ஸ். ஆனால் இண்டியானா தன் உரிமையை 1981இலேயே டாம் ஓவன்ஸ் என்ற மூத்த சென்டருக்கு மாற்றாகப் போர்ட்லேண்டிடம் கொடுத்திருந்தது. அதனால் 82 ஆட்டங்களில் 48 வென்ற ஒரு நல்ல அணி, கடைசி அணியின் இடத்தில் நின்று நாணயம் சுண்டும் வாய்ப்பைப் பெற்றது. இந்த விவரம் முக்கியமானது. எல்லாம் சிதைந்து கிடந்த அணியாக இருந்திருந்தால் போர்ட்லேண்ட் கிடைப்பதில் சிறந்தவரை எடுத்திருக்கும். தன்னிடம் ஒரே ஓர் ஓட்டைதான் இருக்கிறது என்று நம்பிய அணி அது.

நாணயம் ஹூஸ்டன் பக்கம் விழுந்தது. ஹூஸ்டன் பல்கலைக்கழக அணியின் சென்டர் அகீம் ஒலாஜுவானை (பின்னாளில் ஹக்கீம் என எழுதப்பட்டவர்) ராக்கெட்ஸ் எடுக்கும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. நாணயம் மறுபக்கம் விழுந்திருந்தால் போர்ட்லேண்டும் அவரைத்தான் எடுத்திருக்கும். முதல் தேர்வுக்காகவே ராக்கெட்ஸ் பருவத்தின் கடைசிக் கட்டத்தில் வேண்டுமென்று தோற்றது என்ற பேச்சு அப்போது பலமாக எழுந்தது. அடுத்த ஆண்டே நாணயச் சுண்டல் ஒழிந்து குலுக்கல் முறை வந்ததற்கு இந்தச் சந்தேகமும் ஒரு காரணம்.

ஏன் ஒரு சென்டர்?

கூடைக்கு அருகே நின்று எதிரணியின் பந்தைத் தடுப்பதும், திரும்பி வரும் பந்தைப் பற்றுவதும், முதுகைக் காட்டி நின்று கூடைக்குள் பந்தைத் திணிப்பதும் சென்டரின் வேலை. 1950களின் நடுவிலிருந்து அடுத்த முப்பது ஆண்டுகளில் இந்த இடத்தின் மதிப்பு அளவிட முடியாததாக இருந்தது. பில் ரஸ்ஸல் 1956இல் பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்கு வந்து 13 பருவங்களில் 11 பட்டங்கள் வென்றார். 1969இல் மில்வாக்கி, நாணயச் சுண்டலில் ஃபீனிக்ஸை வென்று லூ ஆல்சிண்டரை (பின்னாளில் கரீம் அப்துல்-ஜப்பார்) பெற்றது. இரண்டே ஆண்டுகளில், 1971இல், பட்டமும் பெற்றது.

லீகின் மிகச் சிறந்த வீரருக்கான விருதை எடுத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1960 முதல் 1983 வரை வழங்கப்பட்ட 24 விருதுகளில் 22 சென்டர்களுக்கே போயின. விதிவிலக்கு இருவர்தாம்: 1964இல் ஆஸ்கர் ராபர்ட்சன், 1981இல் ஜூலியஸ் எர்விங். ஓர் அணியை மேலே தூக்க வேண்டுமானால் நல்ல சென்டர் வேண்டும் என்பது அன்று வெறும் அபிப்பிராயமாக இருக்கவில்லை. கால் நூற்றாண்டுக் கணக்கு அதைச் சொன்னது.

போர்ட்லேண்டுக்கு இது சொந்த அனுபவமும்கூட. 1974இல் அவர்கள் முதலாவதாகத் தேர்ந்தெடுத்த பில் வால்டன் 1977இல் அணிக்கு அதன் ஒரே பட்டத்தை வாங்கித் தந்தார். அப்போது பயிற்சியாளராக இருந்த ஜாக் ராம்சேதான் 1984லும் பயிற்சியாளர். பந்தைச் சென்டரிடம் கொடுத்து, மற்ற நால்வரும் ஓடி வெட்டி வர, சென்டர் பந்தைப் பிரித்துக் கொடுக்கும் ஆட்டமுறை அவருடையது. அந்த முறைக்கு உயரம் மட்டும் போதாது, பந்தைக் கடத்தத் தெரிந்த கையும் வேண்டும்.

அதே அணிக்குக் கசப்பான அனுபவமும் இருந்தது. 1972இல் முதல் தேர்வாக அவர்கள் எடுத்த லாரூ மார்ட்டின், சிகாகோவின் லயோலா பல்கலைக்கழக சென்டர். வால்டனுக்கு எதிராக ஆடிய ஒரு கல்லூரி ஆட்டத்தில் நன்றாக ஆடியது அவர் மதிப்பை மிகவும் உயர்த்தியிருந்தது. நான்கு பருவங்களில் அவர் தொழில்முறை வாழ்க்கை முடிந்தது. சராசரி ஓர் ஆட்டத்துக்கு 5.3 புள்ளி. அந்த ஆண்டு இரண்டாவதாகப் போனவர் பின்னாளில் சிறந்த வீரர் விருது பெற்ற பாப் மக்கடூ. ஒரே இரவின் ஆட்டத்தை வைத்து ஓர் உயரக்காரரை மதிப்பிடுவதன் விலை என்ன என்று போர்ட்லேண்டுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கெண்டக்கியில் போவி

போவி பென்சில்வேனியா மாநிலத்தின் லெபனான் என்ற ஊர்க்காரர். உயரம் 7 அடி 1 அங்குலம். 1979இல் பள்ளிப் படிப்பை முடித்த உயரக்காரர்களில் ரால்ஃப் சாம்ப்சனும் அவரும் நாடு முழுவதும் பேசப்பட்டவர்கள். சாம்ப்சன் வர்ஜீனியாவுக்குப் போக, போவி பயிற்சியாளர் ஜோ பி. ஹாலின் கெண்டக்கி அணியில் சேர்ந்தார். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கான அமெரிக்க அணிக்கு 19 வயதிலேயே தேர்வானார். அமெரிக்கா அப்போட்டியைப் புறக்கணித்ததால் அந்த அணி மாஸ்கோ போகவில்லை.

இரண்டாம் ஆண்டான 1980–81இல் அவருடைய சராசரி 17.4 புள்ளி, 9.1 ரீபவுண்ட். உயரத்துக்கு மீறிய ஓட்டம், பந்தைக் கடத்தும் கண், கூடைக்குச் சற்றுத் தொலைவிலிருந்தும் எறியக்கூடிய கை ஆகிய மூன்றும் அவரிடம் ஒன்றாக இருந்தன. ராம்சேயின் முறைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தார் என்று சொன்னால் மிகையில்லை.

அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் அவர் ஆடவே இல்லை. இடது கணைக்கால் எலும்பில் விரிசல். கீழே விழுந்து சட்டென்று முறிவது போன்றதன்று இது. குதித்துக் குதித்துத் திரும்பத் திரும்பப் பாரம் விழுவதால் எலும்பில் மயிரிழையாகத் தொடங்கும் முறிவு. ஓய்வு கொடுத்தால் கூடும், பாரம் ஏறினால் மறுபடியும் பிளக்கும். 1981–82, 1982–83 ஆகிய இரண்டு முழுப் பருவங்கள் இதில் போயின.

1983–84இல் திரும்பி வந்தார். சராசரி 10.5 புள்ளி, 9.2 ரீபவுண்ட். இந்த எண்களை எப்படிப் படிப்பது என்பதுதான் 1984 வசந்தத்தில் எல்லா அணிகளுக்கும் முன்னிருந்த வினா. புள்ளி சரிந்ததற்கு இரண்டு விளக்கங்கள் இருந்தன. ஒன்று: அணியில் மெல்வின் டர்ப்பின் என்ற இன்னொரு உயரக்காரர் வளர்ந்திருந்தார், கூடைக்கு அருகே பந்து பெரும்பாலும் அவரிடமே போனது, போவி இடம் மாறி ஆட வேண்டியிருந்தது. இரண்டு: இரண்டாண்டு இடைவெளிக்குப் பின் வந்தவரின் கால் பழைய கால் இல்லை. முதல் விளக்கம் ஆட்டத்தைப் பற்றியது, இரண்டாவது உடலைப் பற்றியது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். அவரை விரும்பிய அணிகள் முதல் விளக்கத்தைப் பிடித்துக்கொண்டன.

கெண்டக்கி அந்த ஆண்டு தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளுள் ஒன்றாகச் சியாட்டில் நகருக்குப் போனது. அரையிறுதியில் பாட்ரிக் ஈவிங் ஆடிய ஜார்ஜ்டவுன் அணியை எதிர்கொண்டது. இடைவேளையில் 29–22 என முன்னிலை. இரண்டாம் பாதியில் 33 முறை எறிந்து 3 முறை மட்டுமே கூடையில் போட்டது. 53–40 எனத் தோற்றது. இப்படி ஓர் ஆட்டத்துக்காக எந்த ஒரு வீரரின் மதிப்பையும் குறைத்துவிட முடியாது. ஈவிங்குக்கு எதிராகப் போவியும் டர்ப்பினும் சேர்ந்து நின்றும் கூடைக்கு அருகே ஆட்டத்தைக் கையில் எடுக்க முடியவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

போர்ட்லேண்டின் கணக்கு

வீரர்களைத் தேடி மதிப்பிடும் பொறுப்பு போர்ட்லேண்டில் ஸ்டூ இன்மனிடம் இருந்தது. 1977 பட்ட அணியைக் கட்டியவர்களுள் அவர் முக்கியமானவர். ஆட்டம் தெரியாதவர் என்று யாரும் சொல்ல முடியாது.

1984 ஜூனில், தேர்வுக்குச் சற்று முன்பு, டென்வரிடமிருந்து கிகி வாண்டவே என்ற புள்ளி குவிக்கும் முன்னிலை வீரரை அணி வாங்கியது. பதிலுக்குக் கொடுத்தவர்களில் வெய்ன் கூப்பர் என்ற சென்டரும் ஒருவர். அவர் போனபின் அந்த இடத்தில் மிஞ்சியவர் மைக்கல் தாம்சன். 1978இல் போர்ட்லேண்ட் முதலாவதாக எடுத்த அவர், முன்னிலையில் நிற்கவே பொருத்தமானவர் என்று கருதப்பட்டார். ஆகவே இரண்டாவது தேர்வு சென்டராக இருந்தாக வேண்டும் என்ற முடிவை அணி பெயர்களைப் பார்ப்பதற்கு முன்பே எடுத்துவிட்டது எனலாம்.

ஜார்டனின் இடத்தில் ஆட அவர்களிடம் ஆள் இருந்தது. ஜிம் பாக்சன் 1983, 1984 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானவர். கிளைட் டிரெக்ஸ்லர் முந்தைய ஆண்டு 14ஆவதாக வந்தவர். டிரெக்ஸ்லர் இருந்ததால் ஜார்டன் தேவைப்படவில்லை என்று இன்று சொல்லப்படும் விளக்கத்தில் ஒரு சிறு காலக் குழப்பம் உண்டு. 1984 ஜூனில் டிரெக்ஸ்லர் தம் முதல் பருவத்தை 7.7 புள்ளி சராசரியோடு முடித்திருந்த மாற்று வீரர். பின்னாளில் அவர் அடைந்த பெருமை அன்று யாருக்கும் தெரியாது. அந்த இடம் நிரம்பியிருந்தது என்பதற்கு அன்றைய ஆதாரம் பாக்சன்தான்.

ஜார்டனும் அன்று பிற்கால ஜார்டன் இல்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். 1983–84இல் கல்லூரி ஆட்டத்தின் ஆண்டின் சிறந்த வீரர் அவரே. 1982 இறுதியாட்டத்தில் வட கரோலினாவுக்கு வெற்றி எறிதலைப் போட்டவரும் அவரே. ஆனால் டீன் ஸ்மித்தின் ஒழுங்கான ஆட்டமுறைக்குள் அவருடைய சராசரி 19.6 புள்ளி. அவரைத் தேர்ந்தெடுத்த சிகாகோவின் பொது மேலாளர் ராட் தார்னே, இவர் ஏழடி உயரமாக இருந்திருக்கலாம், ஆனால் இல்லையே என்ற பொருளில் செய்தியாளர்களிடம் பேசினார். ஜார்டனை எடுத்த அணியின் வாயிலிருந்தே வந்த இந்தப் பேச்சு, அன்றைய காற்று எந்தப் பக்கம் வீசியது என்பதற்குப் போதுமான சாட்சி.

எதிர்க்குரல் இல்லாமலும் இல்லை. 1984 ஒலிம்பிக் அணிக்குப் பயிற்சியளித்த பாபி நைட், ஜார்டனை எடுக்கும்படி இன்மனிடம் சொன்னார் என்றும், எங்களுக்குச் சென்டர் அல்லவா வேண்டும் என்று இன்மன் சொன்னதற்கு, அப்படியானால் அவரையே சென்டராக நிறுத்துங்கள் என்று பதிலளித்தார் என்றும் ஒரு செய்தி பரவலாகச் சொல்லப்படுகிறது. வேடிக்கைக்காகத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டாலும் அதன் உள்ளே ஒரு சரியான கண்டனம் இருக்கிறது. இந்த ஓட்டைக்கு யார் பொருந்துவார் என்ற வினாவைப் போர்ட்லேண்ட் கேட்டது. ஓர் ஆண்டில் அடைத்துவிடக்கூடிய ஓட்டைக்காகப் பத்தாண்டுக்கு ஆடக்கூடிய ஆளை விடலாமா என்பது வேறு வினா.

மருத்துவப் பரிசோதனை

ஆட்டத்தைப் பற்றிய இந்தக் கணக்கில் பிழை இருந்தாலும் அது அன்று எல்லோரும் செய்த பிழை. உடலைப் பற்றிய கணக்குதான் போர்ட்லேண்டுக்கு மட்டும் உரியது.

கால் எலும்பு பற்றி அந்த அணியைவிட அதிகம் அறிந்திருக்க வேண்டிய அணி லீகில் வேறில்லை. 1978 பிளேஆஃப் ஆட்டத்தில் வால்டன் வலி மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டு ஆடினார். பிறகு எடுத்த படத்தில் இடது பாதத்தின் நாவிகுலர் எலும்பு முறிந்திருந்தது தெரிந்தது. அதன்பின் போர்ட்லேண்டுக்காக அவர் ஆடவே இல்லை. அவருக்குப் பின் வந்த தாம்சன் கால் முறிந்து 1979–80 பருவம் முழுவதையும் இழந்தார்.

எனவே போவியைப் போர்ட்லேண்டுக்கு அழைத்து ஏறக்குறைய ஏழு மணி நேரம் சோதித்தார்கள். அன்றைய வசதிகள் குறைவு. எக்ஸ்-கதிர்ப் படம் எலும்பு கூடியிருக்கிறதா என்று காட்டும். நாளைக்கு 82 ஆட்டப் பாரத்தைத் தாங்குமா என்று காட்டாது. காந்த ஒத்ததிர்வுப் படமெடுப்பு அப்போதுதான் மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கியிருந்தது. ஆகவே மருத்துவரின் கையும் நோயாளியின் வாயும் பெரிய அளவில் நம்பப்பட்டன. சிறு சுத்தியலால் காலைத் தட்டி, வலிக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றார் போவி. கால் கூடிவிட்டது என்று மருத்துவர்கள் சொன்னார்கள்.

அந்த எலும்பு கூடியிருந்தது என்ற முடிவு அதன் அளவில் தவறில்லை என்றே தோன்றுகிறது, ஏனெனில் போவி அடுத்த பருவத்தில் 76 ஆட்டங்கள் ஆடினார். கேட்க வேண்டியிருந்த வேறு ஒரு கேள்வி இருந்தது. 23 வயதுக்குள் இரண்டு பருவங்களை ஒரே எலும்புக்கு இழந்த உடல், பருவத்துக்கு முப்பது சொச்சம் ஆட்டம் உள்ள கல்லூரியிலிருந்து 82 ஆட்டமுள்ள லீகுக்குப் போனால் என்ன ஆகும்? இதற்குச் சுத்தியல் பதில் சொல்லாது. அவருடைய கல்லூரி வரலாறு சொல்லிக்கொண்டிருந்தது.

தேர்வும் அதன் பின்னும்

ஜூன் 19 தேர்வு, டேவிட் ஸ்டெர்ன் லீகின் ஆணையராகப் பொறுப்பேற்ற பின் நடந்த முதல் தேர்வு. ஒலாஜுவான், போவி, ஜார்டன், சாம் பெர்க்கின்ஸ், சார்லஸ் பார்க்லி என்ற வரிசையில் முதல் ஐவர் போனார்கள். ஆறாவதாகப் போனவர் போவியின் கல்லூரித் துணைவர் டர்ப்பின். 16ஆவதாக ஜான் ஸ்டாக்டன். மொத்தம் பத்துச் சுற்றுகள். கடைசிச் சுற்றில் சிகாகோ ஓட்டப்பந்தய வீரர் கார்ல் லூயிஸின் பெயரையும் சொல்லி வைத்தது.

டர்ப்பினைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கல்லூரியில் போவியைவிட அதிகம் புள்ளி எடுத்தவர், கால் பழுதில்லாதவர். எண்களை மட்டும் பார்த்திருந்தால் அவரே மேல். உடல் எடையைக் கட்டுப்படுத்த முடியாமல் தொழில்முறையில் அவர் நெடுங்காலம் நிலைக்கவில்லை. போவியை விட்டு டர்ப்பினை எடுத்திருந்தாலும் போர்ட்லேண்ட் தப்பியிருக்காது.

போவியின் முதல் பருவம் ஏமாற்றமாக இருக்கவில்லை. 10.0 புள்ளி, 8.6 ரீபவுண்ட், புதுவரவுகளின் முதல் அணியில் இடம் பெற்றார். அடுத்த பருவத்தில் 38 ஆட்டங்கள். 1986–87இல் ஐந்தாவது ஆட்டத்தில் வலது கணைக்கால் எலும்பு முறிந்தது. கல்லூரியில் இடர் தந்தது இடது கால். மருத்துவர்கள் அக்கறையோடு தட்டிப் பார்த்ததும் அதையே. 1987–88 பருவம் முழுவதும் போயிற்று. 1988–89இல் 20 ஆட்டங்கள். ஐந்து பருவங்களில் போர்ட்லேண்டுக்கு அவர் ஆடியது மொத்தம் 139 ஆட்டங்கள்.

ஜார்டன் முதல் பருவத்தில் 82 ஆட்டங்களும் ஆடி 28.2 புள்ளி எடுத்தார். இரண்டாம் பருவத்தின் மூன்றாவது ஆட்டத்தில் அவருக்கும் இடது பாதத்தில் நாவிகுலர் எலும்பு முறிந்தது. வால்டனை வீழ்த்திய அதே எலும்பு. அந்தப் பருவத்தில் 18 ஆட்டங்களே ஆடினார். அவர் எலும்பு கூடியது, வால்டனுடையது அதுபோல் கூடவில்லை. சிகாகோவின் முடிவைத் தீர்க்கதரிசனமாகப் பேசுகிறவர்கள் இந்த ஆண்டை மறந்துவிடுகிறார்கள்.

1989இல் போர்ட்லேண்ட், போவியோடு ஒரு முதல் சுற்றுத் தேர்வு உரிமையையும் சேர்த்து நியூஜெர்சி நெட்ஸ் அணிக்குக் கொடுத்து பக் வில்லியம்ஸை வாங்கியது. வில்லியம்ஸும் டிரெக்ஸ்லரும் இருந்த அணி 1990லும் 1992லும் இறுதிச் சுற்றுக்குப் போனது. 1992இல் எதிரணி சிகாகோ. முதல் ஆட்டத்தின் முதல் பாதியிலேயே ஜார்டன் 35 புள்ளி எடுத்தார். போவி நியூஜெர்சியில் நான்கு பருவங்களில் 280 ஆட்டங்கள் ஆடி, பிறகு லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸில் இரண்டு பருவம் ஆடி 1995இல் ஓய்வு பெற்றார். மொத்தம் 511 ஆட்டங்கள், சராசரி 10.9 புள்ளி, 7.5 ரீபவுண்ட். அவருக்கு அடுத்துப் போனவர் வேறொருவராக இருந்திருந்தால், காயத்தால் குறைபட்ட கௌரவமான வாழ்க்கை என்று இதைச் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள்.

2007: மீண்டும் போர்ட்லேண்ட்

போர்ட்லேண்ட் தன் வரலாற்றில் முதல் தேர்வு உரிமையைப் பயன்படுத்தியது நான்கு முறை: 1972, 1974, 1978, 2007. நான்கிலும் எடுத்தது உயரக்காரர்களையே. நான்காமவர் ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஏழடி சென்டர் கிரெக் ஓடன். வலது மணிக்கட்டு அறுவைக்குப் பின் தாமதமாகப் பருவத்தைத் தொடங்கி, சில காலம் இடது கையால் ஃப்ரீ த்ரோ போட்டும் 15.7 புள்ளி, 9.6 ரீபவுண்ட் சராசரி எடுத்தவர். ஃப்ளோரிடாவிடம் தோற்ற தேசிய இறுதியாட்டத்தில் 25 புள்ளி, 12 ரீபவுண்ட். அவருக்கு அடுத்து இரண்டாவதாகப் போனவர் கெவின் டுராண்ட்.

தேர்வு முடிந்து மூன்று மாதத்துக்குள் ஓடனின் வலது முழங்காலில் குருத்தெலும்புச் சேதத்துக்கு அறுவை செய்ய வேண்டியதாயிற்று. முதல் பருவம் முழுதும் போனது. போர்ட்லேண்டுக்கு அவர் ஆடியது 82 ஆட்டங்கள், அதாவது சரியாக ஒரு பருவத்தின் எண்ணிக்கை. இருபது ஆண்டு வளர்ந்த மருத்துவமும், படமெடுக்கும் கருவிகளும், இதே ஊரின் பழைய நினைவும் சேர்ந்தும் முடிவு மாறவில்லை. ஓடனைத் தேர்ந்தெடுத்ததில் போவியைப் போன்ற வெளிப்படையான எச்சரிக்கை இருந்தது என்று சொல்ல முடியாது. அவர் கல்லூரியில் ஒரே பருவம் ஆடினார். படிக்க வரலாறே போதவில்லை.

மாறிய அளவுகோல்

1983–84இல் ஓர் அணி ஆட்டத்துக்கு இரண்டு மூன்று தடவைதான் மூன்று புள்ளி எறிதலை முயன்றது. இன்று அது 35ஐத் தாண்டிவிட்டது. கூடையடியில் நிற்கும் சென்டரை வெளியே இழுத்து, வேகமான ஆளைக் காக்க வைத்து அலைக்கழிப்பது வழக்கமாகிவிட்டது. கல்லூரி சென்டரைப் பார்க்க வருபவர்கள் இப்போது முதலில் கேட்பது, வளையத்திலிருந்து தள்ளி வந்து காவல் காக்க இவர் கால் ஓடுமா என்பதே.

பர்டூ பல்கலைக்கழகத்தின் சாக் ஈடி இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. கனடாவின் டொரான்டோக்காரர், 7 அடி 4 அங்குலம். 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டும் கல்லூரியின் சிறந்த வீரர். சாம்ப்சனுக்குப் பின் இப்படித் தொடர்ந்து வென்றவர் இல்லை. 1984இல் இப்படி ஒருவர் இருந்திருந்தால் அவருக்காக நாணயம் சுண்டியிருப்பார்கள். 2023இல் தேர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, மதிப்பு குறைவாக இருப்பதைக் கண்டு திரும்பக் கல்லூரிக்கே போனார். மறுபருவத்தில் 25.2 புள்ளி சராசரி எடுத்து, தேசிய இறுதியாட்டத்தில் 37 புள்ளி போட்ட பிறகும் 2024இல் ஒன்பதாவதாகவே போனார்.

போவி பேசியது

2012இல் போவியைப் பற்றிய தொலைக்காட்சி ஆவணப்படம் ஒன்று வெளியானது. அதில் அவர் 1984 பரிசோதனையைப் பற்றி முதல்முறையாக வெளிப்படையாகப் பேசினார். சுத்தியலால் தட்டியபோது வலிக்கவில்லை என்று தாம் சொன்னதாகவும், உள்ளுக்குள் வலி இருந்ததாகவும் ஒப்புக்கொண்டார். அது பொய் என்றால் பொய்தான், ஆனால் தம்மை நம்பியிருந்த அன்புக்குரியவர்களுக்குத் தேவைகள் இருந்தபோது யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள் என்ற பொருளில் பேசினார்.

இந்த ஒப்புதல் வந்ததும், போர்ட்லேண்ட் ஏமாற்றப்பட்டது என்று சில ஊடகங்கள் எழுதின. அந்த வாசிப்பு நியாயமானதாகத் தெரியவில்லை. இரண்டாண்டு காலைக் கட்டுப்போட்டு உட்கார்ந்திருந்த 23 வயது இளைஞர், தம் வாழ்க்கை முழுவதையும் தீர்மானிக்கும் ஓர் அறையில் படுத்திருக்கிறார். வலிக்கிறது என்றால் இழக்கப்போவது அவர். வலிக்கவில்லை என்று சொல்லி அது தவறானால் இழக்கப்போவது அணி. இந்த நிலையில் அவருடைய சொல்லைச் சான்றாக எடுத்துக்கொண்ட முறைதான் முதலில் குறைபட்டது. வால்டன் ஊசி போட்டுக்கொண்டு ஆடிய அதே ஊரில், வீரர்கள் வலியை மறைப்பார்கள் என்பது புதுச் செய்தியாக இருந்திருக்க முடியாது.

ஓய்வுக்குப் பின் போவி கெண்டக்கியின் லெக்சிங்டன் நகரிலேயே தங்கி, வண்டிப் பந்தயக் குதிரைகளை வளர்ப்பதிலும் ஓட்டுவதிலும் ஈடுபட்டார்.